கிராஃப் தாளில் வரைந்த கோட்டை

நாங்கள் முதன்முதலில் சந்தித்த அன்று இருவருமே பொய் சொன்னோம். ஒத்தக்கடையில் ஒரு டிவி மெக்கானிக் கடை. ஓடாமல் போன பழைய டிவி கேம் பெட்டியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் அதே மாதிரி ஒரு பெட்டியை மேசைமேல் வைத்து, பையன் ஆசைப்படுகிறான், தூக்கிப்போட மனசில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். நானும் பையனுக்குத்தான் என்றேன். மெக்கானிக் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பதைத் தொட்ட இரண்டு ஆம்பிளைகள், பிறக்காத பிள்ளைகளின் பேரில் ரிப்பேருக்கு நின்றோம்.

பெட்டிகள் சரியாகிவிட்டனவா என்று பார்க்க மெக்கானிக் அண்ணன் ஒரு கேசட்டைச் செருகினார். நாங்கள் மூவரும் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பையன்கள் பற்றிய பேச்சே எழவில்லை.

மெக்கானிக் அண்ணன் கொட்டாம்பட்டிக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து கடை திறப்பார். நான் தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அதனால் அண்ணன் என்னை ‘வக்கீலே’ என்று கூப்பிட்டுக் கிண்டலடிப்பார். மூன்றாமவன் சௌராஷ்டிரக் குடும்பம். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. தாத்தா ஆரம்பித்த கடையில் அப்பா கல்லாவில் உட்கார்ந்திருப்பார், கூடப்பிறந்த அண்ணன் கொள்முதல் பார்ப்பான், இவன் சேலையை விரித்துக் காட்டுவான். விரித்த சேலையை மடித்து வைப்பதும் இவன் வேலைதான்.

கேசட் என்று நான் சொல்வது பாட்டுக் கேசட் இல்லை. உள்ளங்கை அகலத்தில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒரு பிளாஸ்டிக் கட்டை, உள்ளே ஒரு விளையாட்டு. தொண்ணூறுகளில் மதுரையில் விற்ற கேசட்டுகளில் ஒன்றுகூட அசல் இல்லை. மேலே ஒட்டியிருந்த படத்துக்கும் உள்ளே இருந்த விளையாட்டுக்கும் சம்பந்தம் இருக்காது. விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரன் இந்த ஊருக்கு ஒரு கேசட்டைக்கூட அனுப்பியதில்லை. நாங்கள் திருட்டுச் சரக்கின் மீது உண்மையான அன்பு வைத்திருந்தோம், அவ்வளவுதான். கேசட் ஓடவில்லை என்றால் எல்லோரும் அதன் வாயில் ஊதுவார்கள். எனக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். எச்சில் பட்டுத் துரு ஏறத்தான் அது உதவும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கத்துவேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதுவார்கள்.

எத்தனையோ விளையாட்டு இருந்தும் எங்களைப் பிடித்து வைத்தது ஒன்றுதான். கையில் விளக்கோடு ஒரு குட்டி மனிதன் பூமிக்கு அடியில் இருக்கும் கோட்டைக்குள் இறங்குவான். அறைக்குள் அறை, ஏணி, சுரங்கம், பூட்டிய கதவு. திரையில் வரும் எழுத்து எங்களில் யாருக்கும் தெரியாத பாஷை. எனவே அறைகளுக்கு நாங்களே பேர் வைத்தோம். எந்தப் பக்கம் போனாலும் இடிபடும் அறை பெரியார் பஸ் ஸ்டாண்டு. நெருப்புக் குழம்பு கொதிக்கும் அறை சித்திரை வெயில். ஒரே கதவை மூன்று தடவை தட்டினால்தான் திறக்கும் அறைக்கு நான் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் என்று பேர் வைத்தேன். அந்தப் பேருக்கு எதிர்ப்பே வரவில்லை.

வரைபடம் போடலாம் என்று ஆரம்பித்தவன் சுங்குடிக்காரன். ஒரு அறைக்கு ஒரு கிராஃப் தாள். திரையில் இருக்கும் ஒவ்வொரு செங்கல்லுக்கும் தாளில் ஒரு கட்டம். அண்ணன் விளையாட்டை நிறுத்தி வைப்பார், அவன் எண்ணி எண்ணிக் கலர் பென்சிலால் நிரப்புவான். ஒரு செங்கல் தப்பினால் தாளையே கிழித்துவிட்டு முதலிலிருந்து போடுவான். நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள் முடிந்தன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் அறையின் பேரைத் தமிழில் எழுதினான். தன் பேரை எங்கும் எழுதவில்லை. எதற்கு மாப்ள, நமக்குத் தெரியாதா என்பான்.

ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னான். கடை தாத்தா போட்டது, வீடு அப்பா கட்டியது, பெண்கூட அண்ணி பார்த்தது, தானாக உண்டாக்கியது என்று வாழ்க்கையில் இருப்பது இந்தத் தாள்கள் மட்டும்தான் என்றான். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. மகன் ஞாயிறு மதியம் சீட்டாடப் போகிறான் என்று அவனுடைய அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். இவனும் அப்படியே விட்டுவிட்டான். இந்த வயதில் டிவி கேம் ஆடுகிறான் என்பதைவிடச் சீட்டாடுகிறான் என்பது கௌரவமாம்.

தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடுவது என் பொறுப்பு. தல்லாகுளத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இலவசமாகக் கிடைத்த ஒரு பக்கத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். தாள்கள் என் வீட்டிலேயே இருந்தன. உலகத்தில் எங்களைப் போலப் பழைய விளையாட்டு பைத்தியங்கள் நிறைய இருப்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கேயோ ஒரு குளிர் தேசத்திலிருந்து ஒருவர், பதினைந்து வருஷமாகத் தேடிய கதவு உங்கள் படத்தில் கிடைத்தது என்று எழுதினார். அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கடையில் ஒட்டினோம். கேசட் கிடைக்காதவர்களுக்காக, விளையாட்டைக் கணினியில் ஆடுவதற்கான கோப்பு ஒன்றையும் பக்கத்தின் அடியில் வைத்தேன். எல்லோரும்தான் வைத்திருந்தார்கள்.

அந்த விளையாட்டைச் செய்த சின்னக் கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. மேசை நாற்காலியோடு சேர்த்து அதை ஒரு பெரிய கம்பெனி வாங்கியிருந்தது. ஒருநாள் அவர்களுடைய சட்டப் பிரிவிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. விளையாட்டின் உரிமை எங்களுடையது, அனுமதியில்லாமல் வைத்திருக்கும் பொருளை நீக்குங்கள், உங்களிடம் இருக்கும் பிரதிகளை அகற்றிவிட்டு எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். ஒரே பக்கம். யோசித்துப் பார்த்தால் மரியாதையான கடிதம்தான். ஆனால் என்னை மாதிரி ஒரு குமாஸ்தா அதைப் படிக்கிற விதமே வேறு. நோட்டீஸ் என்ற சொல்லைக் கண்டதும் கெடு ஏதும் போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் பேசினோம். அண்ணன் சோல்டரிங்கை விட்டுத் தலைகூடத் தூக்கவில்லை. “எம்புட்டுப் பெரிய கம்பெனியா இருந்தா என்ன வக்கீலே, ஒத்தக்கடைக்கு எந்த பஸ்சுன்னு தெரியுமா அவனுக்கு” என்றார். சுங்குடிக்காரன் மட்டும் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான்.

“கேசட்டு அவங்களுது மாப்ள. அதை எடுத்துரு. படம் என்னுது. அதைத் தொட்டுறாத.”

சரி என்று தலையாட்டினேன். அவன் சொன்னதுதான் நியாயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் மறுநாள் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்ததும் பதினோரு வருஷத் தொழில் புத்தி முன்னால் வந்து நின்றது. பாதிக்குப் பணிந்தால் மீதிக்கு மாட்டுவார்கள் என்று அது சொன்னது. அண்ணன் கடை நிறையத் திருட்டுக் கேசட். சுங்குடிக்காரனுக்கு அந்த மாசம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. அவர்கள் இருவரையும் காப்பாற்றுகிறேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பயந்தாங்கொள்ளி.

இணையப் பக்கத்தை முழுசாக அழித்தேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் கோர்ட்டு வழக்கத்தில் பொருள் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் பொருளை ஒப்படைப்பதுதான் சுத்தமான பணிவு. இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, சுருக்கொப்பம் வைத்து, வெள்ளை நூலால் கட்டாகத் தைத்தேன். மேலே அட்டவணை, அதற்குமேல் வழக்கு விவரம் எழுதும் டாக்கெட் தாள். ஸ்கேன் செய்து வைத்திருந்த சி.டி.யையும் சேர்த்தேன். உலகத்தில் எந்த விளையாட்டு ரசிகனும் எந்தக் கம்பெனிக்கும் இப்படி ஒரு கட்டு அனுப்பியிருக்கமாட்டான். முகப்புக் கடிதத்தில், இவை அனைத்தும் என் ஒருவனால் மட்டுமே தயாரிக்கப்பட்டவை, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டர் தபாலில் கட்டு போனது. கணினிக் கோப்பை மட்டும் எடுத்துவிட்டேன், பக்கம் கொஞ்ச நாள் மூடியிருக்கட்டும் என்று நண்பர்களிடம் சொன்னேன்.

மூன்று மாசம் கழித்து ஆபீஸ் முகவரிக்குப் பதில் வந்தது. நல்ல தாள், மையால் போட்ட கையெழுத்து. எழுதியவர் சட்டப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. நாங்கள் கேட்டது விளையாட்டின் கணினிக் கோப்பை நீக்கச் சொல்லி மட்டும்தான், உங்கள் வரைபடங்கள் மீது எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் பக்கத்துப் பிரிவுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்களாம். ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை, உங்கள் பொறுமையை நினைத்து வியந்தோம் என்றார். சட்டப் பிரிவுக்கு வந்த பொருளைத் திருப்பி அனுப்பவோ வைத்திருக்கவோ நிறுவனத்தின் விதி இடம் தராததால் அவை அழிக்கப்பட்டுவிட்டன, இதற்காகத் தனிப்பட்ட முறையில் வருந்துகிறேன் என்று முடித்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. விதியைப் படித்துவிட்டுக் கையைக் கட்டி நிற்கும் பிழைப்புதானே எனக்கும்.

ஒரு வாரம் அந்தக் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அண்ணன் டிவியை அணைத்தார். சுங்குடிக்காரன் அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கடிதத்தை வாங்கி மேலே இருந்த பேரைப் பார்த்தான். அவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும்.

“இதுல ஒன் பேருல்ல போட்டிருக்கு” என்றான்.

கேஸ் வந்தால் உன் தலையில் விடிந்துவிடக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எனக்கே கேட்டது. அவன் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். அடுத்த ஐந்து ஞாயிறு அவன் வரவில்லை. நானும் அண்ணனும் டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆறாவது வாரம் நான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். திருத்த மனு எழுதினேன். முந்தைய கடிதத்தில் வரைந்தவர் என்று என்னைக் குறித்தது பிழை, வரைந்தவர் என் நண்பர் மட்டுமே என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, விளக்குத்தூணுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மதிய நேரம், கடையில் கூட்டமில்லை. அவன் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைக்காமலேயே படித்தான்.

“அங்க சொல்லி என்ன மாப்ள ஆகப்போகுது. இங்க சொல்லு” என்று கல்லாப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

அவனுடைய அப்பா கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்தார். பதினோரு வருஷம் அடுத்தவர் வழக்குக்கு எழுதிக் கொடுத்தவன், அன்றைக்கு என் குற்றத்தை நானே வாயால் சொன்னேன். உங்கள் மகன் சீட்டாடப் போகவில்லை, நாலு வருஷம் உட்கார்ந்து ஒரு கோட்டையை வரைந்தான், அதைத் தொலைத்தவன் நான் என்றேன். பிறகு அந்தப் பெண்மணியின் கடிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற வரியை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“இதுல இருக்கிற பேரு தப்புப்பா. வரைஞ்சது இவன்தான்” என்றேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல்லில் பதில் சொன்னான். அவர் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை அவன் நிறையப் பேசினான், கையால் காற்றில் ஏணியும் கதவும் காட்டினான். எனக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. பெரியவர் ஒரு சேலைப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளை அட்டையை உருவி, தன் பேனாவையும் சேர்த்து அவன் முன்னால் தள்ளினார். அவன் அட்டையில் கட்டம் போட ஆரம்பித்தான்.

அப்போது ஒரு அம்மா படியேறி வந்து, அரக்குக் கலரில் சேலை இருக்கிறதா என்று கேட்டார். சேலையை விரித்துக் காட்ட வேண்டியவன் வழக்கம்போல எழுந்தான். பெரியவர் அவன் தோளில் கைவைத்து உட்கார வைத்தார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா, மகன் வரைஞ்சுக்கிட்டு இருக்கான்” என்றார்.