ஈ ஓட்டும் வகுப்பு

சித்தேரி மலைப்பாதையின் வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பிக் குடல் வாய்க்கு வந்திருந்தது. இறங்கியதும் சவுரியப்பன் தேடியது தண்ணீரைத்தான். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். தற்காலிக ஆசிரியர் வேலைக்கான உத்தரவு சட்டைப்பையில் விறைப்பாக நின்றது. பள்ளிச் சமையலறை வாசலில் நின்று, "ஆயா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

அரிசி களைந்துகொண்டிருந்த தீர்த்தம்மாள் நிமிர்ந்தார். "ஆயான்னு கூப்பிட உள்ள நாப்பது புள்ளைங்க இருக்குதுங்க சார். நீங்க அக்கான்னே கூப்பிடுங்க, எனக்கும் வயசு கொறஞ்ச மாதிரி இருக்கும்" என்று சொம்பை நீட்டினார்.

புது சாரின் இங்கிலீஷ் வகுப்பு கூச்சலாக இருந்தது. பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, மேசை மேலிருந்து ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டுவார். "இஸ்கேலு!" "இஸ்லேட்டு!" என்று கத்துவார்கள்.

"பாத்தீங்களா, சொல்லு தலைமேல ஒரு 'இ' ஈயாட்டம் வந்து ஒக்காருது. அத ஓட்டிட்டுச் சொல்லுங்க. பாம்பு மாதிரி சீறணும். ஸ்ஸ்ஸ்... கேல்!"

யார் 'இ' போட்டாலும் மற்றவர்கள் கைவீசி "ஈ! ஈ!" என்பார்கள். 'இ' போட்ட பிள்ளை போய் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

"சார் என்ன நடத்துறாரு?" என்று தலைமை ஆசிரியை மணிமேகலை கேட்டபோது, "ஈ ஓட்டுறாருங்க டீச்சர்" என்றது ஒரு வாண்டு. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படி ஜன்னலில் அந்த வட்டம் முழுசாகத் தெரியும். இதே பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பாதியில், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவர் அவர். பன்னிரண்டு வருஷமாக அந்த வகுப்புக்குள் பெருக்குவதற்குத்தான் போய்வருகிறார். ஒரே ஒரு முறை அந்த வட்டத்தில் நின்று, தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். இதைப் போய் யாரிடம் கேட்பது? கடுகு பொரியும் சத்தத்தில் தன் சத்தம் அமுங்கிவிடும் என்று, தாளிக்கும் நேரம் பார்த்து மட்டும் "ஸ்ஸ்ஸ்... கூல்" என்று சொல்லிப் பழகினார்.

ஏப்ரலில் சாருடைய உத்தரவு முடிந்தது. கடைசி நாள் காலை, நாலாவது படிக்கும் ஐஸ்வர்யா போட்டுக் கொடுத்துவிட்டாள். "சார், ஆயா அடுப்படியில சீறுதுங்க! தெனமும் சீறுதுங்க!"

சவுரியப்பன் ஜன்னலைப் பார்த்தார். "அக்கா, வாங்க. வட்டத்துல எடம் இருக்குது."

"அய்யோ, ஒலையில சோறு கெடக்குதுங்க சார்."

"அது பாட்டுக்கு வேகட்டும், வாங்க."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்புயரப் பிள்ளைகள் நடுவில் வந்து நின்றார். ஸ்கேல் வந்தது, சரியாகச் சொன்னார். ஸ்லேட்டும் சரி. பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார, மூன்று பேர்தான் மிச்சம். அப்போது சார், மூலையில் கிடந்த நாலுகால் மரச்சாமானை இழுத்து நடுவில் போட்டார். அடுப்படியில் தீர்த்தம்மாள் தினமும் ஏறி நின்று பருப்பு டின் எடுப்பது அது மாதிரி ஒன்றில்தான். இதற்குப் போய் யோசிப்பதா?

"இஸ்டூலு!"

"ஈ! ஈ!" வகுப்பே கை வீசியது. "ஆயா அவுட்டு! போயி ஒக்காரு ஆயா!" என்று குதித்தாள் ஐஸ்வர்யா.

பெஞ்சில் பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். முட்டி இடித்தது. டெஸ்க் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்ததும், நினைத்துப் பார்ப்பதற்குள் வாயில் வந்துவிட்டது: "இன்னொரு ஆட்டம் வெக்கலாங்களா சார்?"

"வெச்சிட்டாப் போச்சு..." என்று அவர் சொல்லி வாய் மூடுமுன் அடுப்படியில் கஞ்சி பொங்கி வழிந்தது. தீர்த்தம்மாள் ஓடினார். சோற்றை வடித்துவிட்டுத் திரும்பினால் வட்டம் கலைந்து, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். இரண்டு மணி பஸ்ஸுக்கு சார் கிளம்பிவிட்டார்.

சவுரியப்பன் இப்போது கம்பைநல்லூரில் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறார். மலைப் பள்ளியில் அவர் இடம் இன்னும் காலி. எல்லா வகுப்பையும் மணிமேகலை டீச்சரே சேர்த்துப் பார்க்கிறார், ஆட்டத்துக்கு நேரமில்லை. தீர்த்தம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. அதே பள்ளியில் சமைக்கிறார்.