பதினான்காம் கேள்விக்குப் பரீதா எழுதிய பதில்

பரீதாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் அலுவலகத்தில் வேலை செய்த எவரும் முதலில் அந்தப் 'பாதை'க் கதையைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது. முதல் நாள் நானும் சேர்ந்துதான் சிரித்தேன், அதனால் இன்னும் பிடிக்காது. அந்தக் கதையை அரைகுறையாகச் சொல்லித் திரிகிறார்கள், நான் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் புஸ்பராணி. உப்புவெளியில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். கரையோரத்துக் குடும்பங்களுக்குக் கிணறு, கோழிக்கூடு, தையல் மெசின், வலை என்று வெளிநாட்டு உதவியில் கொடுத்து வந்த நிறுவனம் அது. பணிப்பாளர் ஞானசேகரம் சேர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவரைத் தவிர நாங்கள் பத்தொன்பது பேர், அதில் பன்னிரண்டு பேர் பெண்கள். இதைச் சேர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். கள உத்தியோகத்தர்கள் ஆறு பேரும் ஆண்கள் என்பதைச் சொல்ல மாட்டார். மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்ததே இல்லை.

பரீதா கிண்ணியாக்காரி, முழுப் பெயர் சித்தி பரீதா. 1991இல், முப்பது வயதில், 'தொண்டர்' என்ற பெயரில் சேர்ந்தார். தொண்டருக்கு நியமனக் கடிதம் கிடையாது, லீவு கிடையாது, சேமலாப நிதி கிடையாது. கிண்ணியாப் பக்கத்தில் இருந்த பதினொரு மாதர் குழுக்களையும் அவர்தான் உண்டாக்கினார். மாலைகளிலும் சனி ஞாயிறிலும் அவற்றைப் பார்ப்பார், கிழமை நாட்களில் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். எந்த வீட்டுக் கோழி அடைகாக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து இல்லை என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. 1994இல் இருந்து அந்தப் பிரிவின் கள உத்தியோகத்தராகப் பதவியில் இருந்தவர் ஆனந்தராசா. பட்டணத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் கிழமைக்கு ஒருநாள் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்து, பரீதா எழுதி வைத்திருப்பதில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பார். நல்ல மனிதர். நன்றாகப் பாடுவார்.

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்திய காலம் இது. வாகனமும் சனமும் பட்டணப் பக்கத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் இருந்த கடல்வாயைக் கடப்பதற்கு ஒரு தட்டையான இரும்புத் தெப்பம் போய்வரும். அதற்கு எங்கள் ஊரில் 'பாதை' என்று பெயர். 'பாதை வந்திட்டுதா', 'பாதையை விட்டிட்டன்' என்றுதான் சனங்கள் கதைப்பார்கள். நடந்து போகிற வழிக்கு றோட்டு, தெரு, ஒழுங்கை என்று வேறு சொற்கள் இருக்கின்றன. அந்தச் சண்டைக் காலத்தில் கடைசிப் பாதை மாலை ஐந்தரைக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்த நாள் காலைதான்.

பரீதாவின் கணவர் அன்ஸார் துறையடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். அவருக்கு மனைவி வேலைக்குப் போவதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அவர் கடைசிப் பாதையைப் பிடித்து வைத்திருக்க முடியாதே. எனவே பரீதா மூன்று மணிக்கு அலுவலகத்தில் இருந்து இறங்கிவிடுவார். இரண்டு பஸ், இரண்டு சோதனைச் சாவடி. அடையாள அட்டையைப் பார்க்கிறவருக்கு அன்று என்ன மனநிலையோ, அதைப் பொறுத்துத்தான் மிச்ச நேரம்.

எங்கள் மாதாந்தக் கூட்டம் கடைசிப் புதன்கிழமை மாலை நாலு மணிக்கு நடக்கும். வெளியே போன உத்தியோகத்தர்கள் திரும்பிவர அந்த நேரம்தான் வசதி. எட்டு வருடத்தில் பரீதா ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. கூட்டக் குறிப்பைத் தட்டெழுதுவது என் வேலை. 'சமுகமளிக்காதோர்' என்ற இடத்தில் மாதாமாதம் அவர் பெயரை அடித்தேன்.

1999இல் ஆனந்தராசா கனடாவுக்குப் போய்விட்டார். கிண்ணியாப் பதவி காலியானது. பரீதா முதல்முறையாக வாய்விட்டு ஒன்று கேட்டார். "அந்த வேலைய எனக்குத் தாங்க சேர். செய்யிறது நான்தானே." சேர் யோசிப்பதாகச் சொன்னார். யோசித்து முடிக்குமுன், எங்களுக்கு உதவி தருகிறவர்கள் கொழும்பில் இருந்து ஓர் ஆளை அனுப்பினார்கள். நிறுவனத்துக்குள் பால்நிலைச் சமத்துவம் எப்படி இருக்கிறது என்று மதிப்பிட வேண்டுமாம்.

வந்தவர் கமலேஸ்வரி மிஸ். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். எல்லாருக்கும் நாற்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று தந்தார். ஆங்கிலத்தில் எழுதி யாரோ தமிழாக்கியது. பதினான்காம் கேள்வி இப்படி இருந்தது: 'உங்கள் நிறுவனத்தில் பெண்கள் மேலே செல்வதற்குப் பாதை உண்டா? அது போதுமானதா?'

நாங்கள் பதினொரு பெண்களும் 'உண்டு, போதுமானது' என்று எழுதினோம். சேர் அடுத்த அறையில் இருந்தார், வேறு என்னத்தை எழுதுவது. பரீதா இப்படி எழுதியிருந்தார்: 'பாதை உண்டு. போதாது. கடைசிப் பாதை ஐந்தரைக்குப் போய்விடுகிறது. ஏழு மணிக்கு இன்னும் ஒன்று விட்டால் நானும் மேலே செல்லலாம்.'

தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த லிகிதர் யோகலிங்கம் இதை உரத்து வாசித்தார். அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும்தான். பரீதா அப்போது பஸ்ஸில் இருந்திருப்பார். சேர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "கேள்வியே விளங்கேல்ல. இவவை உத்தியோகத்தராப் போட்டா அறிக்கை எழுதுறது ஆர்?" என்றார். அந்தப் பதவி பரீதாவின் கையைவிட்டுப் போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பாவம் என்று நினைத்தேன், பிறகு என் வேலையைப் பார்த்தேன்.

அடுத்த நாள் இரண்டு மணிபோல கமலேஸ்வரி மிஸ் பரீதாவைத் தனியே கூப்பிட்டார். பதிலை எழுதிக்கொள்ள என்னையும் இருத்தினார்.

"இந்தக் கேள்வியில பாதை என்றது போட் இல்லையம்மா. முன்னேறுற வழியைக் கேட்டிருக்கு" என்றார் மிஸ்.

பரீதா தாளை ஒருதரம் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. ஆனால் மாற்றி எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.

"விளங்கினது மிஸ். அப்பிடிக் கேட்டாலும் என்ட பதில் அதுதான். இஞ்ச ஆருக்கு என்ன வேலை, ஆருக்குப் பயிற்சி எல்லாம் நாலு மணிக் கூட்டத்திலதான் பேசுவாங்க. நாலு மணிக்கு நான் செக் பொயின்ற்ல நிப்பன். கூட்டத்துக்கு இருந்தா எனக்குப் பாதை இல்ல. பாதையைப் பிடிச்சா எனக்குக் கூட்டம் இல்ல."

"நேரத்தை மாத்தச் சொல்லிக் கேக்கேல்லையா?"

"எங்க கேக்கிறது? கூட்டத்திலதானே கேக்கணும்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். பரீதா கொஞ்சம் தயங்கி, இரண்டு மணிக்குப் பிறகு தான் தேத்தண்ணி குடிப்பதில்லை, சாவடிகளில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னேரத் தேத்தண்ணியை அவர் வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம், எங்கள் கோப்பையில் குடிக்க இந்த மனுசிக்கு மனமில்லை என்றுதான் எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை.

கூட்டக் குறிப்புக் கோப்புகளைக் கொண்டுவரச் சொன்னார் மிஸ். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 1994 பெப்ரவரியில் நின்றார். வாசித்துவிட்டுக் கோப்பைப் பரீதாவின் பக்கம் திருப்பினார்.

'கிண்ணியாப் பிரிவுக் கள உத்தியோகத்தர் பதவிக்குச் சித்தி பரீதாவின் பெயர் பிரேரிக்கப்பட்டது. அவர் சமுகமளிக்காமையால் அவருக்கு நாட்டமில்லை எனக் கொள்ளப்பட்டது. திரு. ஆனந்தராசா தெரிவுசெய்யப்பட்டார்.'

பரீதா அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "என்ட பேர் வந்ததா?" என்று மட்டும் கேட்டார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார், மூன்றாகியிருந்தது, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிஸ்ஸின் அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றவேண்டும், பரீதாவுக்கு அந்தப் பதவியைக் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். சேர் முதலாவதை உடனே செய்தார். அந்தக் காலைக் கூட்டத்துக்குப் பரீதா விசேசத்துக்கு உடுப்பதுபோல முழுவெள்ளையில் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு முன்வரிசையில் இருந்தார்.

சேர் தொண்டையைச் செருமினார். "பரீதாவுக்குக் குடுக்கிறதுக்கு எனக்கு முழுச் சம்மதம். ஆனா புது நியமனத்துக்கு வயது எல்லை முப்பத்தஞ்சு. உதவி தாறவையின்ர விதி. எழுதிக் கேட்டனான், ஏலாதெண்டு சொல்லிப் போட்டினம்." கிண்ணியாவைச் சேர்ந்த பட்டதாரி பாயிஸை நியமிப்பதாகச் சொன்னார். குறைந்தது அந்த ஊர்ப் பிள்ளையாவது என்றார்.

பரீதா எழுந்தார். "சேர், தொண்ணூத்தி நாலில எனக்கு எத்தினை வயது?"

சேர் கணக்கில் புலி. அவருக்கு விரல் மடிக்கத் தேவையில்லை. இருந்தும் பதில் வர நேரம் எடுத்தது.

"முப்பத்தி மூண்டு" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் பரீதா இருந்துவிட்டார். கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போனது. கிணற்று மோட்டரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பரீதாவின் மேசைக்குப் போனேன். அவர் பாயிஸுக்குக் கொடுப்பதற்காகப் பதினொரு குழுக்களின் பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் யாருக்குக் காது கேளாது, யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்றும் குறித்திருந்தார்.

"பரீதா, அந்த வசனத்தை ரைப் பண்ணினது நான்தான்" என்றேன்.

"தெரியும். அடியில உங்கட பேர் இருந்ததே."

"சேர் சொல்லச் சொல்ல அடிச்சனான். அது பிழையெண்டு எனக்கு அப்ப படேல்ல. எனக்கு வெக்கமா இருக்கு."

பரீதா பேனையை மூடினார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சேர் ஆம்பிளை, பெரிய ஆள், அவருக்கு என்னைத் தேடிச் சொல்ல நேரமில்ல. அவரில எனக்குக் குறையில்ல. நீங்க அடுத்த நாள் காலமை இந்த மேசைக்கு முன்னால இருந்துதானே பாண் சாப்பிட்டீங்க. பரீதா, நேத்து உங்கட பேர் வந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் ஓடிப்போய் எனக்கு விருப்பம் எண்டு சொல்லியிருப்பன். அவ்வளவுதான் புஸ்பம்."

பிறகு கொப்பியைத் திறந்து மிச்சப் பெயர்களை எழுதத் தொடங்கினார். நான் என் இடத்துக்கு வந்து இருந்தேன். 1994 பெப்ரவரியில் அந்த வியாழக்கிழமை காலையும் நாங்கள் இருவரும் கதைத்திருப்போம், கதைக்காத நாளே இல்லை. எதைப் பற்றி என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.