விரிசல் விடாத வில்லை

எண்பதுகளில் சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த மிக நுண்ணிய பொடியை வில்லையாக அழுத்தி உலையில் சுடுவேன். உடைந்த எலும்பின் இடைவெளியை அது நிரப்பும் என்று நம்பினோம். வில்லைகளோ விரிசல் விட்டுக்கொண்டே இருந்தன.

சொந்த ஊரான தோணிரேவுக்குப் போனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; படகு மோதி முறிந்த அவர் கால் எலும்பு ஒட்டவேயில்லை.

"நீ பண்றது என் காலுக்கு ஆவுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டார்.

"இப்ப ஆவாது நைனா. மொதல்ல முயலுக்கு வெச்சுப் பாக்கணும்."

"முயலுக்கு இன்னா அவசரம்? எனக்குத்தான் அவசரம்னு சொல்லு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் முதல் பேருந்திலேயே ஆய்வகத்துக்குத் திரும்பினேன்.

சில மாதம் கழித்து, உலையை மெதுவாகச் சூடேற்றியபோது ஒரு வில்லை முழுசாக வந்தது. அதை நைனாவிடம் கொடுத்தேன்.

"கெட்டியாத்தான் கீது" என்றவர், முறிந்த இடத்தின் மேல் வைத்துச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.