காதுக்காரர் பார்த்துக் கொடுத்த வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மெக்கானிக் இல்லை, இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் மிஷின் ஓட்டுகிறவர். ஐம்பதுக்கு ஒரு வயது குறைவு. எல்லோருக்கும் அவர் காதுக்காரர்தான். வீட்டில் வைத்த பெயர் பட்டறை முதலாளிக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீளத் திருப்புளி இருக்கும். வண்டியை ஓடவிட்டு, அதன் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியை வலது காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பார். சும்மா சொல்லக்கூடாது, பத்துக்குப் பத்தும் சரியாக இருக்கும். கூலி என்று எதுவும் வாங்க மாட்டார். ஆனால் "காதுக்காரர் சொல்லிட்டாரா? அப்ப கண்ண மூடிட்டு வாங்கு" என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

கூத்து என்னவென்றால், இரண்டு வருடமாக அந்தக் காதில் எதுவுமே விழவில்லை. தகடு வெட்டும் மிஷின் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றால் யார் காதுதான் தாங்கும்? வலது காது அடியோடு போய்விட்டது. இடது பக்கம் நெருங்கி உரக்கப் பேசினால் கொஞ்சம் கேட்கும். யாரிடமும் மூச்சு விடவில்லை மனிதர். எதிராளியின் வாயைப் பார்த்து "ஆமாமா" என்று தலையாட்டியே காலத்தை ஓட்டினார். வண்டி பார்க்கக் கூப்பிட்டால் இடுப்பு வலி என்று நழுவினார். மற்றவர்களிடம் நழுவலாம். கூடப் பிறந்தவளிடம் எப்படி நழுவுவது?

அவருடைய தங்கை மெத்தை உறை தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். மூட்டையோடு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வண்டிக்குச் சேர்த்திருந்தாள். "வண்டி பாக்கப் போற அன்னிக்கு அவருக்கு டியூட்டிண்ணா. நீ வந்து ஒரு தடவ காது வச்சுட்டா போதும், வாங்கிடுவேன்" என்றாள். அவள் கணவர் மருந்துக் கிடங்கில் காவலாளி. லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு.

வண்டியை விற்க வந்தவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். கடை வாசலில் நிறுத்தியிருந்தார். அடேயப்பா, என்ன அலங்காரம்! முன்னால் இரண்டு ஃபாக் லைட், பளபளக்கும் கிராஷ் கார்டு, இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, ஹேண்டிலில் போன் மாட்டும் கொக்கி, தெருவையே எழுப்புகிற பெரிய சைலன்சர். தங்கை அந்தப் பெட்டிகளைத் திறந்து திறந்து மூடினாள். மூட்டை கட்டுகிற வேலையே இனி இல்லை.

கண்ணால் பார்க்க வேண்டியதை அவர் ஒன்று விடாமல் பார்த்தார். கிராஷ் கார்டைத் தடவி, உள்பக்கம் அடிபட்ட தடம் இருக்கிறதா என்று குனிந்து தேடினார். ஃபாக் லைட்டின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், "இத நேரா பேட்டரியில குடுத்திருக்கீங்க. ஒரு நாள் ஒயர் பத்திக்கும்" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் முகம் மாறியது. "உங்க பேரு சும்மா வரலண்ணே" என்றார். காதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் எஞ்சினை ஓடவிட்டார்கள். பழைய காதுக்காரராக இருந்தால் முதல் வேலையாக, "இந்த ஓட்டச் சைலன்சரக் கழட்டிட்டு கம்பெனி சைலன்சர மாட்டுங்க, அப்புறம் கேக்கறேன்" என்று சொல்லியிருப்பார். வெளியில் சத்தம் அதிகமானால் உள்ளே தட்டுவது அமுங்கிவிடும் என்பது அவரே பத்துப் பேருக்குச் சொன்ன பாடம். அன்றைக்குச் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு வண்டி ஓடுவது அவர் இடது காதில் விழுந்தது. அந்தச் சைலன்சர் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. திருப்புளியை எடுத்து முனையை வைத்தார், பிடியைச் செத்த காதில் அழுத்தினார், கண்ணை மூடினார். வேடிக்கை பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கையில் அதிர்ந்தது, அவ்வளவுதான்.

"எஞ்சின் சுத்தம்" என்றார்.

தங்கை அவருடைய இடது பக்கம் வந்து நின்று உரக்கக் கேட்டாள். "அண்ணா, உள்ள டக்கு டக்குனு ஏதோ தட்டுற மாதிரி இருக்கே?"

அவருக்குச் சுரீர் என்றது. "அது சைலன்சர்மா. தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுறவளுக்கு இதுல என்ன தெரியும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை அண்ணன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிண்ணா, நீ சொன்னா சரி" என்று வண்டியை வாங்கிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள், பெட்டி நிறைய உறைகளோடு தங்கையும் அவள் கணவரும் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் நடுவழியில் இறுகிப் பூட்டிக்கொண்டது. பின்சக்கரம் நின்று வண்டி சாய்ந்தது. கணவருக்கு முழங்கை சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. தைக்கிற கை.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து கிடந்ததை எடுத்துக் காதுக்காரர் கையில் வைத்தார். "ரெண்டு மாசமாவது தட்டியிருக்கும்ணே. செவிடனுக்கே கேட்டிருக்குமே, எவன் பாத்துக் குடுத்தான்?" என்று பட்டறைச் சத்தத்துக்கு மேல் அவர் இடது காதருகே கத்தினார். அந்த ஒரு பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டுத் தொலைத்தது.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றவே கால் வரவில்லை. கட்டுப்போட்ட கையோடு தங்கை தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மிஷின் மேல் உறை போட்டு மூடியிருந்தது. அவள் கணவர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஏன் மச்சான் கூனிக் குறுகுறீங்க? வண்டி தட்டுது, வேணாம்னு நீங்க சொன்னீங்களாமே. இவதான் பெட்டிய பாத்து மயங்கி வாங்கிட்டாளாம். எல்லாத்தையும் சொல்லிட்டா."

காதுக்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் ஸ்டூலை விட்டு எழுந்து, ஒரு கையால் அதை இழுத்துக்கொண்டு சுற்றி வந்து, அவருடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருடமாகவே அவள் அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள். அன்றைக்கும் அந்தப் பக்கம் நின்றுதான் கேட்டாள். எல்லாம் தெரிந்தே, அத்தனை பேர் முன்னால் அண்ணன் மானம் போய்விடக் கூடாதென்று, தட்டுகிற வண்டியை வாங்கியிருக்கிறாள். வெட்கத்தில் அவருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"மாப்ளே, இவ பொய் சொல்றா" என்றார். "நான் அப்படி ஒண்ணும் சொல்லல. இவதான் தட்டுதுன்னா. நான்தான் இவ வாய அடைச்சேன். எனக்குக் காது கேக்காது மாப்ளே. ரெண்டு வருஷமாச்சு."

தோளிலிருந்து கை விலகியது. தங்கை கணவர் ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஏதோ சொன்னார். வாய் தெரியவில்லை. வழக்கம்போல ஆமாமா என்று தலையாட்டப் போன காதுக்காரர், நிறுத்திக்கொண்டார்.

"என்னம்மா சொல்றாரு?" என்று தங்கையைக் கேட்டார்.

அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு அவருடைய இடது காதருகே குனிந்து, உரக்க, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"உன் பேரு போயிடும்னு பயந்தியாம். என் உயிரு போயிருந்தா நீ என்ன பண்ணியிருப்பேன்னு கேக்கறாருண்ணா."