எங்கள் வீட்டில் மட்டும் தெரிந்த கல்யாணம்

2004 ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்தேன். மணலி ஆலைகளின் பக்கமிருந்து காற்று அடித்ததால் ஜன்னல்களைச் சாத்தினேன். பிறகு கணினியைத் துடைத்துவிட்டு அதன் முன் உட்கார்ந்தேன். திருவொற்றியூரில் என் ஞாயிறுகள் இப்படித்தான் தொடங்கும். அன்று மாலைக்கு மட்டும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் மீன் விற்பவர். அவர் மகளுக்கு முந்தின வாரம் கல்யாணம். துபாயில் வெல்டராக இருந்த மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரே தங்கையின் கல்யாணத்தை அவன் பார்க்கவில்லையே என்று அந்த அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டுடியோவில் படங்களை சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இண்டர்நெட்டில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று நான்தான் சொன்னேன்.

அப்போது நானாகவே புத்தகம் வாங்கி வெப்சைட் செய்யப் படித்துக்கொண்டிருந்தேன். அதோடு வந்த சிடியிலிருந்து வெப்சைட்டை ஓட்டும் அப்பாச்சி, பிஎச்பி இரண்டையும் கணினியில் ஏற்றினேன். ஏதோ ஒரு வரி தவறிப்போய் முதலில் ஓடவே இல்லை. சரிசெய்து, பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடித்ததும் மணப்பெண் திரையில் வந்தாள். படத்தைச் சொடுக்கினால் அடுத்த படம். எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே முகவரியைப் போனில் மகனுக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மாலை நாலு மணிக்கு இண்டர்நெட்டை இணைத்தேன். அவன் பார்த்து முடிக்கும்வரை கணினியை யாரும் அணைக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

ஐந்து மணிக்கு இணைப்பைத் துண்டித்ததும் போன் வந்தது. எங்கள் வீட்டில் காத்திருந்த அந்த அம்மாள்தான் எடுத்தார்.

"பாத்தியா நைனா? சோக்கா கீதா?" முகமெல்லாம் சிரிப்பு. "சரி, தங்கச்சி இன்னா கலர் பொடவ கட்டிகினு கீது, சொல்லு."

மகன் சொன்னதைக் கேட்டார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "செவப்புன்றான் சாரு. அவன் பாக்கல."

தங்கை கட்டியிருந்தது கிளிப்பச்சை.

"பேஜே வரல மாமா," என்றான் மகன். "பிரவுசிங் சென்டர்காரரு சொன்னாரு, அந்த அட்ரஸ் போட்டா அவுங்கவுங்க கம்ப்யூட்டர்லயே தான் தேடுமாம். ஒரு வாரமா நீ தூங்காம பண்ணிகினு கீறேன்னு அம்மா சொல்லிச்சு. அதான் பாத்தேன்னுட்டேன். மனசுல வெச்சுக்காத."

துபாயில் அப்போது மதியம்; சாப்பாட்டை விட்டுவிட்டு சென்டருக்குப் போயிருக்கிறான். கல்யாணம் என் மேஜையைத் தாண்டவே இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு, மகன் சொன்னதை அந்த அம்மாளிடம் சொன்னேன்.

அவர் சொன்னார்: "வுடு சாரு. எனக்குக் காட்டினல்ல. அவனுக்கு நாளைக்கிக் காட்டு. பொய் சொல்றதுக்கு மட்டும் அவனுக்கு வாய் கீது பாரு."

மறுநாள் காலை குடத்தைக்கூட எடுத்து வைக்கவில்லை. சிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டுடியோ திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன். முதல் பிரிண்ட், கிளிப்பச்சைப் புடவைப் படம். எல்லாவற்றையும் கவரில் போட்டு அன்றே துபாய்க்கு அனுப்பினேன்.

இன்றும் நான் செய்ததை யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அவர் கண்ணுக்கு என்ன கலர் தெரிகிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.