செர்வோனி என்றால் சிவப்பு

திருவரங்குளத்துக்காரரான திருப்பதிக்குப் போலந்து மொழியில் தெரிந்தவை பெரும்பாலும் நிறங்களின் பெயர்கள்தான். அந்த நாட்டில் அலமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பெயின்ட் கலக்கப் போனவருக்கு அவை போதுமாக இருந்தன.

கூட வேலை பார்த்த ஹலினாவுக்கும் அவர் வயதுதான். ஒரு மதிய இடைவேளையில் நீல டப்பாவைத் தொட்டு ‘நியெபியெஸ்கி’ என்றாள்; ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டி ‘நியெபோ’ என்றாள். சிவப்புக்கு ‘செர்வோனி’. அதற்கு அட்டையில் ஒரு புழுவை வரைந்தாள். அவருக்குப் புரியவில்லை. போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். முன்காலத்தில் செடி வேரில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கிக் காயவைத்துச் சிவப்புச் சாயம் எடுப்பார்களாம். புழுவுக்குப் பெயர் ‘செர்வ்’. நிறத்தின் பெயரும், பூச்சி பொறுக்கும் ஜூன் மாதத்தின் பெயரும் அதிலிருந்து வந்தவையாம்.

2021 ஜூனில் திருப்பதியின் ஆத்தா இறந்துபோனார். கொரோனா காலம், விமானம் கிடைக்கவில்லை. மச்சான் வீடியோவில் காட்டிய காரியத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். சிவப்பு கலக்க வேண்டிய இடத்தில் வேறெதையோ கலந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று ஹலினா கேட்டாள். போனை எடுத்துத் தட்ட அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவை அங்கே ‘மாமா’ என்பார்கள், கறுப்பை ‘சார்னி’ என்பார்கள்.

“மாமா... சார்னி,” என்றார்.

அவள் மிஷினை நிறுத்தினாள். பெயின்ட் படிந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வேலை பெர்மிட் முடிந்து ஊர் திரும்பியவர் இப்போது புதுக்கோட்டையில் ஒரு பெயின்ட் கடையில் கலர் மிஷின் பார்க்கிறார். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவர் மட்டும்தான்.

ஒருநாள் கடையில் கூட வேலை பார்க்கும் பிரசாந்திடம், “செவப்புக்கு அங்கிட்டு ஒரு புழுவோட பேர வச்சிருக்காங்கப்பா,” என்றார்.

“புழுவா? சரிங்கண்ணே, அந்த டப்பாவ மூடுங்க, காஞ்சிரப் போவுது.”

அதன்பிறகு யாரிடமும் சொல்வதில்லை. ஞாயிறுதோறும் ஹலினாவுக்கு வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்புவார். நாற்றங்கால், பூவரசம்பூ, கோயில் வாசலில் விற்கும் குங்குமம். கீழே அவள் மொழியில் நிறத்தின் பெயர் இருக்கும். அவளும் ஒன்று அனுப்புவாள். வேறு பேச்சு கிடையாது.

மார்ச்சிலிருந்து அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் நம்பரை மாற்றியிருக்கலாம். உடம்புக்கு என்ன என்று மொழிபெயர்த்துக் கேட்டும் பார்த்தார். அவள் வீடு எந்தத் தெருவில் என்றுகூட அவருக்குத் தெரியாது.

போன ஞாயிறு குடுமியான்மலைக்குப் போயிருந்தார். மழைக்கு முன்னால் பாறைக்கு மேலே வந்து நின்ற மேகத்தைப் படம் எடுத்தார். அதற்கு எந்தப் பெயரைப் போடுவதென்று தெரியவில்லை. படத்தை மட்டும் அனுப்பினார். ஒரே டிக்தான் விழுந்தது. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனார்.