படையலில் ஓர் அயர்லாந்துப் பதக்கம்

வாயில் வடை இருந்ததால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. விழுங்கிய பிறகு துணிவில்லை.

அன்று மாமனாரின் அப்பாவுக்குப் படையல். ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் இந்திய விடுதலைக்காகப் படையில் சேர்ந்து, வெறுங்கையோடு வீடு திரும்பியவர் அவர். நானோ காலையில் பழைய சாமான் சந்தையில் ஒரு பதக்கத்தை வாங்கி, சட்டைப்பையில் போட்டபடியே கெலுகோரில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அயர்லாந்து விடுதலைப் போரில் நின்றவர்களுக்குப் பின்னாளில் கொடுத்த நினைவுப் பதக்கம். பாதி கறுப்பு, பாதி பழுப்பு நாடா. துப்பாக்கியோடு ஒரு வீரன். யார் பெயரும் பொறிக்கவில்லை. நாலு புத்தகம் படித்தவன் என்பதால் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. படிப்பின் பயன் அத்தோடு முடிந்தது.

மாமனாரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் கண் கலங்கிவிட்டது.

"அப்பாவோட படைக்குக் கொடுத்ததா மாப்பிள்ளை? தேடிப் புடிச்சிட்டீங்களா!"

அப்போதுதான் அந்த வடை. பதக்கம் அவர் அப்பாவின் படத்துக்கு முன்னால், இலையோரம் போய்விட்டது. படையலில் வைத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

மூன்று வாரம் கழித்து, அந்தப் படைவீரர்களின் குடும்பங்கள் நிபோங் திபாலில் கூடின. பதக்கத்தை மேடையில் காட்டப்போவதாக மாமனார் சொல்லிவிட்டார். விவரம் தெரிந்த ஒரே ஒருவர் அங்கே இருந்தால் போதும். எண்பது வயது மனிதர் ஊர் முன்னால் கூனிக்குறுகி நிற்பார்.

அங்கே போகும் வழியில், தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தில் நெரிசல். முன்னால் லாரி, பின்னால் பஸ், கீழே கடல். பக்கத்து இருக்கையில் மாமனார், மடியில் பதக்க டப்பா. முந்தின நாளே என்னிடம் உண்மையைக் கறந்துவிட்ட மனைவி, பின்னாலிருந்து என் இருக்கையை முழங்காலால் இடித்துக்கொண்டே வந்தாள்.

சொன்னேன். வடை உட்பட.

மாமனார் டப்பாவைத் திறந்து பதக்கத்தைப் பார்த்தார்.

"அவங்களும் வெள்ளைக்காரனோடதான் சண்டை போட்டாங்களா?"

"ஆமா மாமா."

"எத்தன வருசம் கழிச்சு மெடல் கொடுத்தாங்க?"

"ஒரு இருவது வருசம்."

"நமக்கு எண்பது வருசம் ஆச்சு லா." டப்பாவை மூடினார்.

"திரும்பிடலாமா மாமா?"

"பாலத்துல எங்க திரும்புவீங்க? ஓட்டுங்க. மேடையில நீங்கதான் இத காட்டணும். யாரோடது, எங்க வாங்கினீங்க, எங்கப்பாவுக்கு ஏன் ஒண்ணும் வரல, எல்லாம் பேசணும். அந்த வடையையும் விட்டுடாதீங்க."

மனைவி முழங்காலை எடுத்துக்கொண்டாள். அதுவரை அசையாத லாரி, அப்போது பார்த்து நகர்ந்தது.